விழாமல் நிற்கப் பழகுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பேன், அவ்வளவுதான். தலைவி அக்காதான், "நீ காலையில களத்துல கிழவிங்களை நிக்க வச்சு என்னமோ பண்றியே, அதைப் பத்திச் சொல்லு" என்றார்கள். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். அதுக்குப் பேரு தாய்ச்சி. பேரைக் கேட்டா நம்ம ஊர்ச் சொல் மாதிரி இருக்கும். ஆனா அது சீன நாட்டுப் பயிற்சி.

அதுக்கு முன்னால ஒரு கேள்வி. போன ஒரு வருஷத்துல வீட்டுலயோ கொல்லையிலயோ தெருவுலயோ கால் தடுக்கி விழுந்தவங்க யாரு? கையைத் தூக்குங்க பாப்போம்.

நாலு கைதான் தெரியுது. சரி, வேற மாதிரி கேக்கிறேன். விழுந்துட்டு, வீட்டுல யாருக்கும் சொல்லாம மண்ணைத் தட்டிவிட்டு எந்திரிச்சுப் போனவங்க யாரு?

சிரிக்கிறீங்க. அந்தச் சிரிப்பே பதில் சொல்லிடுச்சு. நம்ம பெரியவங்க விழுந்தா சொல்ல மாட்டாங்க. சொன்னா மருமக திட்டுவா, மகன் "இனிமே கொல்லைக்குப் போகாத"ன்னு கட்டிப் போடுவான் என்கிற பயம். ஆனா ஒரு தடவை விழுந்தவங்கதான் மறுபடியும் விழ வாய்ப்பு அதிகம் உள்ளவங்க. மறைச்சு வச்சா அது தெரியாமலே போயிடும்.

இனி என் கதைக்கு வர்றேன்.

என் வீட்டுக்காரர் வாங்கின கடனை அடைக்க 2013ஆம் வருஷம் நான் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனேன். நம்ம பக்கத்துல போகாத குடும்பம் ஏது? எனக்குக் கிடைச்சது ஒரு சீனக் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டியைப் பார்த்துக்கிறதுதான் வேலை. வயசு 78. அவங்களை வீட்டில் எல்லாரும் "ஆ மா" என்று கூப்பிடுவாங்க. அவங்க மொழியில பாட்டின்னு அர்த்தம். எனக்கு முதல் வாரம் முழுக்க, யாரோ எதுக்கோ ஆமா, ஆமான்னு சொல்ற மாதிரியே இருந்துச்சு.

நான் போறதுக்கு முன்னாடி ஆ மா குளியலறையில வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் அவங்க மக ஒரு கட்டாயம் வச்சிருந்தாங்க. தினமும் காலையில 7 மணிக்கு அடுக்குமாடிக்குக் கீழே இருக்கிற திறந்த தளத்துக்கு ஆ மாவைக் கூட்டிப் போகணும். அங்கே இருபது பெரியவங்க நிப்பாங்க. ஒரு சின்ன ரேடியோப் பெட்டியில பாட்டு ஓடும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு தாத்தாதான் வாத்தியார். எல்லாரும் தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி அவ்வளவு மெதுவா கையையும் காலையும் அசைப்பாங்க. நான் தண்ணி பாட்டிலையும் குடையையும் வச்சுக்கிட்டு ஓரமா நிப்பேன்.

உண்மையைச் சொல்லணும். எனக்கு அப்ப சிரிப்புதான் வந்துச்சு. இதுவும் ஒரு உடற்பயிற்சியா, வேர்க்கவே இல்லையேன்னு நினைச்சேன். பத்து நாள் கழிச்சு வாத்தியார் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாரு. சும்மா நிக்கிறியே, வந்து நில்லுன்னு பாதி இங்கிலீஷ், பாதி சைகையில சொன்னாரு. நின்னேன். பத்து நிமிஷத்துல தொடை நடுங்குது. எனக்கு அப்ப வயசு 36. எனக்கு முன்னால 80 வயசுப் பாட்டி நடுங்காம நிக்கிறாங்க. அன்னையிலிருந்து சிரிக்கலை.

அந்த வாத்தியார் ரெண்டே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வாரு. ஒண்ணு காலி, இன்னொண்ணு நிறை. உடம்போட பாரம் முழுக்க ஒரு கால்ல இருக்கணும், அது நிறைஞ்ச கால். இன்னொரு கால்ல பாரமே இருக்கக் கூடாது, அது காலியான கால். காலியான காலைத்தான் எடுத்து வைக்கணும். வச்ச இடம் உறுதின்னு தெரிஞ்ச பிறகுதான் பாரத்தை அதுக்கு மாத்தணும். தாய்ச்சியில எத்தனை அசைவு இருந்தாலும் அடிப்படை இதுதான்.

சீனாவுல ஹெனான் மாகாணத்துல சென் குடும்பத்தாரோட கிராமம் ஒண்ணு இருக்கு. 17ஆம் நூற்றாண்டுல அங்கே இது சண்டைக் கலையா வளர்ந்துச்சு. அப்புறம் மத்த குடும்பங்களும் கத்துக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா உடம்புக்கான பயிற்சியா மாறுச்சு. 1956ஆம் வருஷம் சீன அரசோட விளையாட்டுத் துறை, எல்லாரும் கத்துக்கிற மாதிரி 24 அசைவா சுருக்கிக் கொடுத்தாங்க. 2020ஆம் வருஷம் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்கள் பட்டியல்ல சேர்த்தாங்க.

அந்த மூணு வருஷத்துல ஆ மா ஒரு தடவைகூட விழலை. அவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிப் போனது நான். அதை நினைச்சுப் பெருமையாத்தான் இருந்தேன்.

2016, ஐப்பசி மாசம். ராத்திரி மழை, கரண்டு இல்லை. எங்கம்மா கொல்லைக்குப் போக எந்திரிச்சிருக்காங்க. பின்வாசப் படியில கால் வழுக்கி விழுந்துட்டாங்க. அப்பா ஏற்கெனவே இல்லை. அம்மா தனியாத்தான் இருந்தாங்க. அடுத்த தெருவுல இருக்கிற என் தங்கச்சி விடிஞ்சு பால் கொண்டுபோய்ப் பாத்தப்பதான் தெரிஞ்சுச்சு. விடிய விடிய ஈரத்துல கிடந்திருக்காங்க.

அப்புறம் நாங்க செஞ்ச தப்பைச் சொல்றேன். உங்க வீட்டுல யாரும் அதைச் செய்யக் கூடாதுங்கிறதுக்காகச் சொல்றேன். "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவினா சரியாயிடும்"னு அஞ்சு நாள் வச்சிருந்தாங்க. கட்டுப் போட்டும் பாத்தாங்க. அம்மாவோட வலது கால் இடது காலைவிடக் குட்டையாத் தெரிஞ்சுச்சு. பாதம் வெளிப்பக்கமாத் திரும்பிக் கிடந்துச்சு. அது தொடை எலும்பு, இடுப்பு மூட்டுக்குப் பக்கத்துல முறிஞ்சதுக்கான அடையாளம்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. வயசானவங்க விழுந்து, எந்திரிக்க முடியலை, கால் குட்டையா வெளியே திரும்பி இருக்குன்னா உருவாதீங்க, இழுக்காதீங்க, நடக்க வைக்காதீங்க. அப்படியே படுக்க வச்சு 108ஐக் கூப்பிடுங்க.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் நடந்துச்சு. குழுவுல உள்கடன் 30,000 ரூபாய் கொடுத்தாங்க. கூட்டம் போட்டு, கையெழுத்துப் போட்டு, ஒரே நாளில் பணத்தை என் தங்கச்சி கையில கொடுத்தாங்க. அந்த நன்றியை நான் மறக்கலை. மீதிக்கு என் தங்கச்சி தோட்டையும் சங்கிலியையும் அடகு வச்சா.

மேடம் எனக்கு 2 வாரம் லீவு கொடுத்தாங்க. ஓடி வந்தேன். அம்மா கட்டில்ல கிடந்தாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அங்க யாரைப் பாத்துக்கிற?"ன்னு கேட்டாங்க. "ஒரு பாட்டியம்மாவை"ன்னு சொன்னேன். "அவங்க நடக்கிறாங்களா?"ன்னாங்க.

"நடக்கிறாங்கம்மா"ன்னு சொன்னேன்.

அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியலை.

எலும்பு கூடிடுச்சு. வாக்கர் பிடிச்சு நடக்கலாம்னு டாக்டரும் சொன்னாங்க. ஆனா அம்மா நடக்கலை. "எந்திரிச்சா விழுந்துடுவேன்"ங்கிற பயம். பயத்துல நடக்கலை, நடக்காததால கால்ல சத்து போச்சு, சத்து போனதால பயம் கூடிடுச்சு. 2018 தை மாசம் போயிட்டாங்க. நான் அப்பவும் இங்க இல்லை.

2019இல் ஒரேயடியாகத் திரும்பி வந்தேன். வந்து பாத்தா என் மாமியார், அவங்களுக்கு 68 வயசு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறாங்க. கேட்டா, ஆட்டுக் கயிறு தடுக்கி ரெண்டு தடவை விழுந்தாங்களாம். யாருக்கும் சொல்லலை. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. ஒரு அம்மாவைத் தூரத்துல இருந்து தொலைச்சாச்சு. இவங்களையாவது விடக் கூடாதுன்னு நினைச்சேன்.

"அத்தை, காலையில என்கூட கொஞ்ச நேரம் நில்லுங்க"ன்னேன். மருமக சொல்லி மாமியார் கேட்ட கதை உண்டா? "போடி, நாப்பது வருஷம் நடவு நட்ட காலுக்கு நீ நடக்கச் சொல்லித் தர்றியா?"ன்னாங்க. ஒரு மாசம் கெஞ்சினேன். கடைசியில ஒரு நாள் பேரன் சிரிக்கிறான்னு அவனுக்காக வந்து நின்னாங்க. காலி, நிறைன்னு சொல்லிக் கொடுத்தேன். ரெண்டு எட்டு வச்சதும் நின்னுட்டாங்க.

"ஏண்டி, இது சேத்து வயல்ல நடக்கிறதுதானே? வெறும் காலை வச்சுப் பாத்து, புதையலைன்னு தெரிஞ்சப்புறம்தானே மறு காலை எடுப்போம்?"

நானும் அப்பதான் யோசிச்சேன். சரிதானே? சேத்துல நடக்கும்போது, வரப்பு மேல கூடையோட நடக்கும்போது, நாம இதைத்தான் செஞ்சோம். வயல் வேலை நின்னதும் அந்த நடையும் நின்னு போச்சு. சிமெண்டுத் தரையில காலைத் தூக்காம இழுத்து இழுத்து நடக்கப் பழகிட்டோம். அதனாலதான் சின்னப் படி, கயிறு, மடிஞ்ச சாக்கு எல்லாம் தடுக்குது.

இடையில கொரோனா வந்து எல்லாம் நின்னு போச்சு. 2022இல்தான் களத்துல நாலு பேரோட தொடங்கினேன். அந்தப் பக்கம் போற ஆம்பளைங்க "கிழவிங்களுக்குக் கராத்தே கத்துத் தர்றாங்கடோய்"னு கத்துவாங்க. ஒரு அப்பாயி ரெண்டே நாள்ல "வெக்கமா இருக்கு"ன்னு நின்னுட்டாங்க. மூணு மாசம் கழிச்சு அவங்களாவே திரும்பி வந்தாங்க. இப்ப பதினோரு பேர் வர்றாங்க.

இதெல்லாம் நீயா சொல்றியா, படிச்சவங்க யாராவது சொல்லியிருக்காங்களான்னு நீங்க கேப்பீங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல நம்ம வீடுகளுக்கு வர்ற இயன்முறை மருத்துவத் தங்கச்சி களத்துக்கு வந்து பாத்துட்டு, உட்கார்ந்து எனக்கு விளக்கமாச் சொன்னா. நான் நோட்டுல எழுதி வச்சதை வாசிக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, விழுந்து அடிபட்டு உலகத்தில் வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் இறக்கிறாங்க. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். அதில் 60 வயசுக்கு மேல் உள்ளவங்கதான் அதிகம்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 2005ஆம் வருஷம் ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. 70 முதல் 92 வயசு வரை 256 பேர். பாதிப் பேருக்கு வாரம் 3 நாள் தாய்ச்சி, மீதிப் பேருக்கு கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி. 6 மாசம் நடந்துச்சு. முடிவுல, நீட்டி மடக்கினவங்க பக்கம் மொத்தம் 73 தடவை விழுந்திருந்தாங்க. தாய்ச்சி செஞ்சவங்க பக்கம் 38 தடவை.

அதே மாநிலத்தில் 2018இல் இன்னும் பெரிய ஆய்வு. 670 பேர், எல்லாரும் 70 வயசுக்கு மேல, ஏற்கெனவே விழுந்தவங்க, இல்லேன்னா நடை தளர்ந்தவங்க. வாரம் 2 நாள், நாளைக்கு 1 மணி நேரம், 24 வாரம். தாய்ச்சியில் இருந்து எடுத்த எட்டு அசைவுதான் பயிற்சி. நீட்டி மடக்கினவங்களைவிட தாய்ச்சி செஞ்சவங்க விழுறது 58 சதவீதம் குறைவா இருந்துச்சு. மத்த பல பயிற்சிகளைக் கலந்து செஞ்சவங்களோட ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு.

விழவே மாட்டாங்கன்னு யாரும் சொல்லலை. அதைக் கவனிங்க. விழுறது குறையுது. என் பதினோரு பேர்லயும் போன வருஷம் ஒருத்தங்க விழுந்தாங்க. ஆனா கையை ஊன்றி, ஒருக்களிச்சு உட்கார்ந்துட்டாங்க. சிராய்ப்போட போச்சு.

இது எப்படி வேலை செய்யுதுன்னும் அந்தத் தங்கச்சி சொன்னா. நாம நிமிர்ந்து நிக்க மூணு தகவல் மூளைக்குப் போகணும். கண் பார்க்கிறது ஒண்ணு. காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு சொல்றது ஒண்ணு. பாதமும் மூட்டும் தரையை உணர்றது ஒண்ணு. வயசானா மூணுமே மங்கும். கண்ணுல புரை விழும். சர்க்கரை நோய் இருந்தா பாதம் மரத்துப் போகும். மெதுவா பாரத்தை மாத்தி மாத்தி நிக்கும்போது பாதத்துக்கும் கணுக்காலுக்கும் மறுபடி வேலை கிடைக்குது, தொடைக்குப் பலம் வருது, தடுக்கினா சட்டுனு அடுத்த காலை எடுத்து வைக்கிற பழக்கம் வருது.

சரி, சொன்னது போதும். இப்ப எல்லாரும் எந்திரிங்க. வயசானவங்க முன்னாடி இருக்கிற நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கோங்க. ஒவ்வொரு பெரியவங்க பக்கத்துலயும் ஒரு சின்னவங்க நில்லுங்க. தலை சுத்தினா உடனே உட்காருங்க, வெக்கம் வேண்டாம்.

முதல்ல ஒரு சோதனை. ஒரு பாதத்துக்கு நேர் முன்னால மறு பாதத்தை வைங்க. குதிகாலும் கட்டைவிரலும் தொடுற மாதிரி, ஒத்தை வரப்புல நிக்கிற மாதிரி. இப்ப கையை விடுங்க. பக்கத்துல இருக்கிறவங்க கவனமா இருங்க. நான் பத்து வரை எண்றேன்.

ஆடுனவங்க கவலைப்படாதீங்க. பத்து விநாடி நிக்க முடியலைன்னா விழுற வாய்ப்பு கூடுதலா இருக்குன்னு அர்த்தம். உங்களுக்குத்தான் இந்தப் பயிற்சி முதல்ல வேணும். டாக்டர்கிட்டயும் இதைச் சொல்லுங்க.

இப்ப முதல் அசைவு. கால் ரெண்டையும் தோள் அகலத்துக்கு வைங்க. முழங்காலை இறுக்கமா நிமிர்த்தாம லேசா தளர்த்துங்க. மூச்சு இழுத்துக்கிட்டே ரெண்டு கையையும் மெதுவா தோள் உயரத்துக்குத் தூக்குங்க. மூச்சு விட்டுக்கிட்டே கையை இறக்குங்க, கூடவே முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்க. வலிக்கிற அளவுக்கு மடக்க வேண்டாம்.

ரெண்டாவது, பாரத்தை வலது காலுக்குக் கொண்டு போங்க. இடது கால் காலி. தூக்கணும்னு நினைச்சா தூக்கலாம், அவ்வளவு காலியா இருக்கணும். இப்ப மெதுவா இடது பக்கம் வாங்க. அவசரம் வேண்டாம். கைகளை முகத்துக்கு முன்னால வலமும் இடமுமா கொண்டு போனா இதுக்கு மேகம் போலக் கை அசைக்கிறதுன்னு பேரு.

மூணாவது, காலி காலை முன்னால எடுத்து, குதிகாலை முதல்ல வைங்க. அப்புறம் பாதம். அப்புறம் பாரம்.

நாலாவது, பின்னால போறது. இதுக்குச் சீனத்துல குரங்கை விரட்டுறதுன்னு பேரு. ஒரு கையால முன்னால தள்ளிக்கிட்டே ஒரு எட்டு பின்னால வைக்கணும். இதுல கால்விரல் முதல்ல, அப்புறம் பாதம், அப்புறம் பாரம். சிரிக்காதீங்க. மாடு முட்ட வந்தா, கொதிக்கிற உலையை விட்டு விலகினா, நாம பின்னாலதானே போறோம்? பெரியவங்க பின்னால எட்டு வைக்கும்போதுதான் தடுமாறுறாங்க. இதை நாற்காலி பக்கத்துல வச்சுத்தான் பழகணும்.

உட்காருங்க. வேர்க்கலை, ஆனா தொடையில என்னமோ செய்யுதா? அதுதான் வேலை.

யோகா இருக்கே, நடைப்பயிற்சி இருக்கேன்னு சிலர் கேக்கிறாங்க. சமநிலைக்குப் பழக்கம் தர்ற எந்தப் பயிற்சியும் நல்லதுதான். ஆனா நம்ம அப்பாயிங்க பலருக்குத் தரையில உட்கார்ந்து எந்திரிக்க முடியாது. இதுக்குப் பாய் வேண்டாம், தனி உடுப்பு வேண்டாம். சேலையைக் கணுக்காலுக்கு மேல ஏத்திச் சொருகினா போதும். சர்க்கரையால பாதம் மரத்தவங்க மட்டும் வெறுங்கால்ல செய்யாம, பிடிப்பான செருப்போ ஷூவோ போட்டுக்கணும். புதுசா ஆபரேஷன் ஆனவங்க, நெஞ்சு வலி, தலைசுத்தல் உள்ளவங்க டாக்டரைக் கேட்டுட்டு வாங்க. ஒரு வாரம் செஞ்சுட்டு ஒண்ணும் தெரியலைன்னு விடாதீங்க. அந்த ஆய்வெல்லாம் ஆறு மாசம் நடந்தது. நம்ம சேமிப்பு மாதிரித்தான், வாரா வாரம் கட்டினாத்தான் நோட்டுல தெரியும்.

பயிற்சி மட்டும் போதாது. வீட்டையும் பாருங்க. குளியலறைப் பாசியைத் தேய்ச்சு விடுங்க, சுவத்துல ஒரு கைப்பிடிக் கம்பி அடிங்க. பின்வாசலுக்கு ஒரு சின்ன விளக்கு போடுங்க. பெரியவங்க தலைமாட்டுல டார்ச் லைட்டு இருக்கட்டும். வாசப்படியில சாக்கு போடாதீங்க. அடி தேஞ்ச ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்க. ஆட்டை நடைபாதைக்குக் குறுக்கே கட்டாதீங்க. ராத்திரி எந்திரிக்கும்போது சட்டுனு நிக்காம, கட்டில் ஓரத்துல உட்கார்ந்து இருபது எண்ணிட்டு எந்திரிக்கச் சொல்லுங்க. பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். எங்கம்மா வீட்டுப் பின்வாசல்ல ஒரு விளக்கும் ஒரு கம்பியும் இருந்திருந்தா என்ன செலவாகியிருக்கும்னு நான் கணக்குப் போட்டுப் பாத்திருக்கேன். அந்தத் தொகையை இந்த மேடையில சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு.

கடைசியா, கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒண்ணு, நம்ம கூட்டமைப்புக் கட்டடம் காலையில 9 மணி வரை பூட்டித்தான் கிடக்கு. செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் காலை 6.30 முதல் 7.30 வரை பெரியவங்களுக்குத் திறந்து விடணும். மழை வந்தா களத்துல நிக்க முடியலை.

ரெண்டு, ஒவ்வொரு குழுவும் ரெண்டு பேரை அனுப்புங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லித் தர்றேன். இயன்முறை மருத்துவத் தங்கச்சியும் மாசம் ஒரு நாள் வந்து, தப்பா செஞ்சா திருத்துறேன்னு சொல்லியிருக்கா. பணம் வேண்டாம்.

மூணு, இதுதான் முக்கியம். நம்ம கூட்டத்துல சேமிப்பு, கடன், தவணைன்னு வரிசையாக் கேக்கிறோம். கூடவே ஒரு கேள்வி சேர்த்துக்குங்க. "இந்த மாசம் யார் வீட்டுல யார் விழுந்தாங்க?" தீர்மான நோட்டுல எழுதுங்க. திட்டுறதுக்கு இல்லை. விழுந்தவங்க வீட்டுக்கு ரெண்டு பேர் போய்ப் பாத்து, எது தடுக்குச்சுன்னு கேட்டு, அதைச் சரி பண்றதுக்கு. எங்கம்மா அந்த ஐப்பசிக்கு முன்னால, ஆடி மாசத்துலயே ஒரு தடவை விழுந்தாங்களாம். காரியம் முடிஞ்ச பிறகுதான் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. அப்பவே யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க.

என் மாமியாருக்கு இப்ப சுவரு வேண்டியதில்லை. இதோ மூணாவது வரிசையில உட்கார்ந்து, "போதும், இறங்குடி"ன்னு கையைக் காட்டுறாங்க. இந்த வாரம் வரப்பு மேல நடந்து எங்க வயலைப் பாத்துட்டு வந்தாங்க. நான் பின்னாலயே போனேன். அவங்களுக்குத் தெரியாது.